நான் வெள்ளையடித்த சுவர்

தம்பி, உன் பெட்டியைத் திறந்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீயாகக் கண்டுபிடித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கூடாயில் நீ தங்கியிருக்கிற அறையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, "மா, எல்லாம் அடுக்கியாச்சு, யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு முடி வெட்டப் போனாய். உன் அம்மாவிடம் போய் ஒன்றைத் தொடாதே என்று சொல்லலாமா? உள்ளே இரண்டு சட்டை, உன் நண்பனுடைய கோட்டு ஒன்று, மற்றதெல்லாம் ஃபைல். குளிர் நாட்டுக்குப் போகிறவன் ஒரு ஜோடி காலுறைகூட எடுத்து வைக்கவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் கேட்கப் போகிறவனுக்குத் தன் காலைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. நான்கு ஜோடி வைத்திருக்கிறேன். அதை ஓரத்தில் செருகும்போதுதான் மேலே இருந்த ஃபைல் திறந்துகொண்டது. "தானா தொறந்துச்சா?" என்று அப்பா கேட்டார். சரி, நான்தான் திறந்தேன்.

ஆங்கிலம் எனக்கு அவ்வளவாக ஓடாது. ஆனால் நாளை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஆற்றோரத்து நம் கம்பத்தில் இருக்கிற நாற்பது வீட்டு ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுவதற்காக நீ தமிழில் எழுதிய வாக்குமூலம் அதில் இருந்தது. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். இரண்டு இடத்தில் கண் கலங்கியது, ஓரிடத்தில் கோபம் வந்தது. கோபம் வந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான். அந்த வரியை மாற்றாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதை வாயால் சொன்னால் நீ "சரிமா, சரிமா" என்று சொல்லித் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். எனக்கும் பாதியில் அழுகை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நாளை மண்டபத்துக்குப் போகுமுன் இதைப் படி. படித்தபின் அங்கே எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தாலும் எனக்குச் சம்மதமே.

உண்மையைச் சொல்கிறேன், நீ சட்டம் படித்தபோது நான் ஆசைப்பட்டது வேறு. வாசலில் பெயர்ப்பலகை, ஒரு காரு, கறுப்புக் கோட்டு, கோயிலில் முதல் மரியாதை, இவ்வளவுதான் என் கனவு. நீ பட்டம் வாங்கிவிட்டு, ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் இருக்கிற ஜனங்களுக்கு மனு எழுதித் தரும் சின்னக் குழு ஒன்றில் சேர்ந்தாய். பழைய மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறாய். "என்ன வேலை பாக்குறான்?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் "கோர்ட்டு வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். உன் வேலை என்ன என்று எனக்கே புரிய இத்தனை நாள் ஆனது.

இப்போது யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும், கேள். எங்கெங்கோ புகைகிற புகையால் பூமி சூடாகிறது, மழை முன்னைப்போல் பெய்யாமல் கொட்டித் தீர்க்கிறது, கடல் ஏறுகிறது. அந்தப் புகையை விடாதவர்கள் வீடுதான் முதலில் முழுகுகிறது. அப்படி முழுகிய பல நாட்டு ஜனங்கள் ஒன்றாகச் சேர்ந்து, வீடும் தண்ணீரும் உயிரும் மனித உரிமை, அதைக் காக்க வேண்டியது அரசாங்கங்களின் கடமை என்று, சர்வதேச நிபுணர் குழு ஒன்றின் முன்னால் முறையிடுகிறார்கள். அதில் நம் நாற்பது வீடும் ஒன்று, நமக்காக அங்கே பேசத்தான் நீ போகிறாய். அந்தக் குழு யாரையும் ஜெயிலில் போடாது, நாளைக்கே நமக்கு வீடு கட்டியும் தராது. ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டு எழுதி வைத்தால், நம்மை மேட்டு நிலத்துக்கு மாற்றச் சொல்லி இங்கே கேட்கும்போது அதை எடுத்துக் காட்டலாம். ஆளுக்கொரு அடுக்குமாடியாகப் பிரித்துப் போடாமல், நாற்பது வீட்டையும் கோயிலோடு சேர்த்து ஒரே இடத்துக்கு மாற்ற வேண்டும். நமக்கு வேண்டியது அது ஒன்றுதான். சரியாகச் சொன்னேனா?

இனி என் கதைக்கு வருகிறேன். முந்தின வருஷம் வந்த மூன்றாவது வெள்ளத்தை நீ அறைக்குள் இருந்து போனில் செய்தியாகப் பார்த்தாய், நாங்கள் நெஞ்சளவில் நின்று பார்த்தோம். நான்கு நாள் விடாத மழை. ஆறு வீட்டுக்குள் வந்தபோது அப்பா பள்ளி பஸ்ஸை மேட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். சாமி படங்களையும் பத்திரங்களையும் உன் பட்டத்தையும் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுத் திரும்பினால், வீடு முழுக்கச் சேறு. மெத்தை ஊறி வீங்கிக் கிடந்தது. சுவரில் நெஞ்சுயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி, வீடு வீடாக ஒரே மட்டத்தில் ஓடியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பீடை என்றுதான் நினைத்தேன்.

அப்போது சேதம் பார்க்க அதிகாரிகள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்துவிட்டது. நான் பதினெட்டு வருஷம் மின்சாமான் தொழிற்சாலையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, ஒரு தூசி விழுந்தாலும் சாமான் கெட்டுப்போகும் என்கிற அறையில் வேலை பார்த்தவள். "ஆபிசருங்க வர்றாங்க, வீடு இந்த லட்சணத்துலயா கெடக்குறது? வாங்க எல்லாரும், கோத்தோங் ரோயோங் போட்டு ஒண்ணா சேந்து சுத்தம் பண்ணுவோம்!" என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தோம். மெத்தை, அலமாரி, ஊறிய பள்ளிப் புத்தகம் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றி அனுப்பினோம். கோயில் திருவிழாவுக்கு வாங்கி மேலே ஏற்றி வைத்திருந்த வெள்ளைச் சாயம் மிச்சமிருந்தது. அதைக் கலக்கி நாற்பது வீட்டுச் சுவரிலும் அடித்தோம். அப்பா மட்டும், "ஏம்மா, அவங்க வந்து பாத்துட்டுப் போனப்பறம் அடிக்கலாமே" என்றார். "நீங்க சும்மா இருங்க லா, மானம் போவுது" என்று வாயை அடைத்தேன். உன் அப்பா சொல்வது சரியாக இருக்கும்போதெல்லாம் மெதுவாகத்தான் சொல்லுவார்.

திங்கட்கிழமை வந்தவன் மலாய்க்காரப் பையன், உன் வயது இருக்கும், நல்ல பிள்ளை. காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். வெள்ளை வெளேர் என்று இருந்த கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். "காக், இந்த வீட்ல தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டான். நான் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "முதல்ல டீ குடிங்க" என்று உட்கார வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து நல்ல கோப்பை வாங்கிவந்து கொடுத்தேன். "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க, காக்" என்றான். அந்த வார்த்தையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. அவன் தாளில் 'ரிங்கான்' என்று எழுதிக்கொண்டு போனான். லேசான பாதிப்பு என்று அர்த்தம். நாற்பது வீட்டுக்கும் அதே சொல். மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டியவர்கள் பட்டியல் வந்தபோது நம் கம்பத்தின் பெயர் அதில் இல்லை.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தில், துரை வருகிறார் என்றால் முதல் நாளே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி வாசலில் நிறுத்துவார்கள். ஒரு தடவை எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, ஐந்தாறு இடத்தில் சட்டியும் வாளியும் வைத்திருந்தது. துரை வருகிற அன்று என் அம்மா எல்லாச் சட்டியையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தரையைத் துடைத்துவிட்டாள். துரை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வருஷம் முழுவதும் கூரை ஒழுகியது. நனைந்துகொண்டு தூங்கியவள் நான். ஆனாலும் பெரியவளாகி நானும் அதையேதான் செய்தேன் பார். குறை இருப்பது வெளியே தெரிந்தால், குறை நம்முடையது என்று ஆகிவிடும் என்ற பயம். வேலை போகும், திட்டு விழும் என்று பயந்தவர்களின் பழக்கம் அது. தோட்டமே போன பிறகும் அது எங்கள் கையை விட்டுப் போகவில்லை.

நீ வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆயர் ஈத்தாமில் பஸ் மாறி, மண்டபத்து வாசலில் இறங்கி, கேமராவோடு நேராக வீட்டுக்கு வந்தாய். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பினாய். "மா, கோடு எங்க?" என்றாய். "எந்தக் கோடு?" என்றேன். "தண்ணி நின்ன கோடு. சாமானெல்லாம் எங்க? போட்டோவாவது எடுத்தீங்களா?" போன்கள் எல்லாம் தண்ணீரில் போயின என்று சொன்னேன். நீ அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ மெதுவாக, "நாப்பது வீட்டு சாட்சியையும் கழுவிட்டீங்களே மா" என்றாய். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒன்னைப் படிக்க வெச்சது செவுத்துல அழுக்கு தேடவா? நாங்க சேத்துக்குள்ளயே கெடந்தாத்தான் ஒங்க கோர்ட்டுக்கு நல்லாருக்குமா?" என்று கத்தினேன். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். சுட்டுவைத்த தோசை ஆறிப்போய்க் கிடந்தது.

அதன்பிறகு இரண்டு வாரம் நீ போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாது. "அவனுக்கு நம்மளப் பாத்தா வெக்கம், படிச்சவன்ல" என்று கம்பத்தில் நாலு பேரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால்தான் அப்படிச் சொன்னேன். பட்டியலில் பெயர் இல்லாத விஷயம் தெரிந்தபின் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் வலித்தது. வெள்ளையடிக்கக் கூப்பிட்ட வீடுகளைத் தாண்டி நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை. விளக்கேற்றும்போது தீப்பெட்டி கை தவறிச் சாமி மேடைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. நம் வீட்டுச் சாமி மேடை என்றால் மரத்தில் செய்த ஆளுயர அலமாரி, குடிவந்த நாளிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறது. அதை நல்ல நாள் பார்க்காமல், சூடம் காட்டாமல் யாரும் நகர்த்த மாட்டார்கள். வெள்ளம் வந்தபோதுகூடப் படங்களைத்தான் எடுத்தோம், மேடையை அசைக்கவில்லை. அப்பாவின் டார்ச்சை அடித்து இடுக்கில் பார்த்தேன். தீப்பெட்டி தெரிந்தது. அதற்கு மேலே சுவரில் கோடு தெரிந்தது. ஒன்றல்ல, மூன்று. முழங்கால் உயரத்தில் ஒன்று மங்கலாக, இடுப்புயரத்தில் ஒன்று, நெஞ்சுயரத்தில் அன்றைக்குப் பார்த்த அதே பழுப்பு நிறத்தில் ஒன்று. நீ பள்ளியில் படித்தபோது வந்த வெள்ளம், பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வந்தது, போன முறை வந்தது. அத்தனை வருஷமும் நான் தேய்த்தும் பூசியும் அழித்ததையெல்லாம் சாமி தன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தது. விளக்கைக்கூட ஏற்றாமல் உனக்குப் போன் செய்தேன். "வா தம்பி. சொல்றதுக்கில்ல, காட்டணும்" என்றேன். நீ ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தாய்.

நம் வீட்டில் இருந்தால் நாற்பது வீட்டிலும் இருக்கும் என்று நீதான் சொன்னாய். எல்லாரும் சாமி மேடையைச் சுற்றித்தானே பூசியிருப்பார்கள்! ஒவ்வொரு வீடாகப் போனோம். நான் போய் முதலில் நின்று, "நான் சொன்னதாலதான் வெள்ளையடிச்சீங்க, என் தப்பு, இப்ப சாமிய கொஞ்சம் நகத்தணும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது வீட்டுக்குள் பழகிவிட்டது. பலர் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நகர்த்தினார்கள். கடைசி வீட்டுப் பார்வதியக்கா மட்டும் முடியாது என்று நின்றுவிட்டார். "மேடைய அசைச்ச வருஷந்தான் எங்க வீட்டுக்காரர் போனாரு. இனிமே யாரு கேட்டாலும் தொட மாட்டேன், தங்கச்சி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "வேணாம் பெரியம்மா. ஒங்களுக்கு எப்ப தோணுதோ அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வெள்ளம் வந்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாய்.

உன்னை நான் முதன்முதலாக வியந்து பார்த்தது அன்றைக்குத்தான் தம்பி. பெற்ற பிள்ளையைப் போய் வியப்பார்களா என்று கேட்காதே. நான் வியந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போய் உட்கார்ந்தாய், அதற்கடுத்த சனிக்கிழமையும். மேடையைப் பற்றி ஒரு பேச்சு பேசவில்லை. "இவனுக்கு வேற வேல இல்லையா" என்று நான் அப்பாவிடம் முணுமுணுத்தேன். அவசரக்காரி நான், மூன்று நாளில் நாற்பது வீட்டை மெழுகியவள். மூன்றாவது சனிக்கிழமை பார்வதியக்கா தலைக்குக் குளித்து, தேங்காய் உடைத்து, "ஏம்பா, அந்தப் பக்கம் பிடி" என்று தானே உன்னைக் கூப்பிட்டார். மேடை நகர்ந்தது. பின்னால் மூன்று கோடும் இருந்தன. முழங்கால் கோட்டுக்குப் பக்கத்தில் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தது: 'தண்ணி இதுவரைக்கும். மேடைய ஒரு சாண் ஏத்தணும்.'

அவர் வீட்டுக்காரர் கையெழுத்து. முதல் வெள்ளத்துக்குப் பிறகு மேடையை நகர்த்தி, அடியில் செங்கல் வைத்து ஏற்றியபோது எழுதி வைத்திருக்கிறார். அதற்குத்தான் மேடையை அசைத்திருக்கிறார். அடுத்த வெள்ளம் அவருடைய ஒரு சாணையும் தாண்டி இடுப்புக்கு வந்தது, அதற்கடுத்தது நெஞ்சுக்கு வந்தது. பார்வதியக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நீதான் வாசித்துக் காட்டினாய். அவர் அந்த எழுத்தை விரலால் தடவப் போய், அழிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். "இவ்ளோ நாளா கும்புடும்போதெல்லாம் இவரும் எதிர்லதான் இருந்திருக்காரா" என்றார். நான் வெளியே வந்து வாய்விட்டு அழுதேன். நீ உள்ளே அளவு நாடாவைப் பிடித்து ஒவ்வொரு கோட்டையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்தத் திரை. மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, முறையீட்டில் சேர்ந்திருக்கிற மற்ற நாட்டு ஆட்களோடு நம்மைப் பேச வைத்தாயே. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, முறுக்கு கொடுப்பார்கள் என்று சொல்லித்தான் பாதிப் பேரைக் கூட்டி வந்தேன். பெயர்கூட எனக்குச் சொல்ல வராத ஒரு தீவிலிருந்து, என் வயதுப் பெண் ஒருத்தி, பூப்போட்ட சட்டை, காதில் பூ. அவள் அப்பாவைப் புதைத்த இடத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றாள். யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, நீ தமிழில் சொன்னாய். நம் படங்களை நீ காட்டியதும் அவள் ஒன்று கேட்டாள்: "உங்கள் சாமியும் தண்ணீரில் நின்றதா?" பார்வதியக்காதான் எழுந்து, "ஆமாம்மா, எங்களோடதான் நின்னுச்சு" என்றார். நீ அதைச் சொன்னதும் அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, தங்கள் தேவாலயத்துக்குள் தண்ணீர் வந்தபோது, பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்று முதல் நாளே எல்லாரும் சேர்ந்து கழுவித் துடைத்துவிட்டோம் என்றாள். கேட்டாயா? கழுவித் துடைத்துவிட்டார்களாம். கடலுக்கு அந்தப்பக்கம் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்ட சின்னத் தீவுகளில் சட்டம் படித்த பிள்ளைகள் வகுப்பறையில் ஆரம்பித்த பேச்சு, வருஷக் கணக்கில் அலைந்து, உலக நீதிமன்றம் வரை போய், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று நீதிபதிகளையே சொல்ல வைத்த கதையை நீ அன்று சொன்னாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரைபடத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாத ஊர்க்காரர்கள் அவர்கள். சண்டை போடவில்லை, கல்லெறியவில்லை. தங்கள் வீட்டில் நடந்ததைத் தாங்களே எடுத்துச் சொன்னார்கள், கேட்கிறவர்கள் கிடைக்கும்வரை சொன்னார்கள். என்னைப் போன்றவள் துரை வருமுன் சட்டியை ஒளித்து வைக்கிற ஜாதி. அவர்கள் சட்டியை நடுக்கூடத்தில் வைத்து, பாருங்கள் என்று சொன்ன ஜாதி. நீ அவர்களோடு சேர்ந்துவிட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை நேரில் சொல்லத்தான் இன்றுவரை வாய் வரவில்லை.

அங்கே போய் எப்படிப் பேச வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் அம்மா என்ற பதவி இருக்கிறதே. வேகமாகப் பேசாதே, உனக்குப் பதற்றம் வந்தால் பாதி வார்த்தையை முழுங்கிவிடுவாய், மொழிபெயர்க்கிறவர் பாவம். நம்மை அங்கே பரிதாபமாகக் காட்டாதே. தண்ணீர் வடிந்த மறுநாளே கூட்டிப் பெருக்கி நிமிர்ந்த ஜனங்கள் நாம், அதையும் சேர்த்துச் சொல். அந்த அதிகாரிப் பையனைத் திட்டாதே. நான் காட்டியதைத்தானே அவன் எழுதினான். தீபாவளிக்கு நீ இங்கே இருக்க மாட்டாய், அதனால் டப்பாவில் அதிரசம் வைத்திருக்கிறேன். தீவுக்காரப் பெண் அங்கே வருகிறாள் என்றாயே, அவளுக்கும் கொடு. அப்புறம், திரும்பி வந்ததும் கல்யாணப் பேச்சை எடுப்பேன், சர்வதேச சட்டத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

இனி அந்த வரி. ஃபைலில் நீ இப்படி எழுதியிருக்கிறாய்: 'அதிகாரிகளின் வருகைக்கு முன் குடியிருப்பாளர்கள் சுவர்களைச் சுத்தம் செய்துவிட்டனர்.' எந்தக் குடியிருப்பாளர்கள் தம்பி? யார் அவர்கள்? கதவைத் தட்டிக் கூப்பிட்டது நான். சாயம் கலக்கியது நான். வேண்டாம் என்ற உன் அப்பாவின் வாயை அடைத்தது நான். பெற்றவளை ஊர் முன்னால், உலகத்து முன்னால் தலைகுனிய வைக்கக்கூடாது என்று நீ என்னைக் கூட்டத்துக்குள் ஒளித்திருக்கிறாய். உன் மனது எனக்குப் புரிகிறது, அதற்காகவே ஒரு மூச்சு அழுதுவிட்டேன். ஆனால் பார், கட்டிலுக்கு அடியில் சட்டியைத் தள்ளுகிற வேலையைத்தான் இப்போது நீயும் செய்கிறாய்.

அந்தத் தாளில் 'ரிங்கான்' என்று எழுதியிருக்கிறதே, அது ஏன் என்று அங்கே இருப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். குடியிருப்பாளர்கள் என்று நீ சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டு நாற்பது வீட்டையும் வெள்ளையடிக்க வைத்தாள், சேதம் பார்க்க வந்தவனுக்கு நல்ல கோப்பையில் டீ கொடுத்தாள் என்று சொல். பறிகொடுத்தவர்கள்தான் முதலில் வெட்கப்படுகிறார்கள், முதலில் துடைத்துவிடுகிறார்கள் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். இனி எந்த ஊரில் சேதம் பார்க்கப் போனாலும், சுத்தமான வீட்டைக் கண்டால் இன்னொரு தடவை கேட்கத் தோன்றும். பார்வதியக்கா தன் வீட்டுக்காரர் எழுத்தையே சாட்சிக்குக் கொடுத்தார். நான் என் பெயரைக்கூடக் கொடுக்காமல் இருந்தால் எப்படி? வரியை மாற்று. என் பெயரைப் போடு. கூச்சமாக இருந்தால் 'என் அம்மா' என்று எழுது, அதுவும் போதும். அப்படி எழுதிக் கொண்டுவா, முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

நேற்று அப்பா தீபாவளிக்குச் சாயம் வாங்கிவந்தார். இன்று காலை நீ கிளம்பிப் போனதும் கூடத்தில் மூன்று சுவருக்கு அடித்தோம். நான்காவது சுவருக்கு வந்ததும் அவர் சாய மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது?" என்று கேட்டார். சூடம் ஏற்றிக் கும்பிட்டு, இரண்டு பேருமாகச் சாமி மேடையைத் தூக்கி எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். மூன்று கோடும் இப்போது வாசலுக்கு நேராகத் தெரிகின்றன. மழைக்காலம் வரப்போகிறது. அடுத்து நம் வீட்டுக்கு எந்த அதிகாரி வந்தாலும் கையைப் பிடித்து அந்தச் சுவருக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். டீயெல்லாம் அப்புறம்தான்.

அம்மா